எஃகு முழங்கால்

வின்செஸ்டர் 1873 என்ற ரைஃபிளின் நடுவுடம்பில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு எஃகுத் தகடுகள் இருக்கும். குறுக்கே ஓடும் ஒரே திருகைக் கழற்றிவிட்டு மெல்லத் தட்டினால் இரண்டும் கையோடு வந்துவிடும். அதன் பிறகு அந்தத் துப்பாக்கிக்கு ரகசியம் என்று எதுவும் கிடையாது. எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது, எந்த வில் எதை இழுத்துப் பிடிக்கிறது என்பதெல்லாம், பழைய சுவர்க் கடிகாரத்தின் முதுகைத் திறந்ததுபோலக் கண்முன்னே கிடக்கும்.

அமெரிக்காவில் அறுபது, எழுபது வயதைக் கடந்த சிலருக்கு வெள்ளிக்கிழமை இரவு இப்படித்தான் போகிறது. கார் கொட்டகையில் ஒரு மேசை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி, எதிரே வயிறு திறந்து கிடக்கும் ஒரு ரைஃபிள். மறுநாள் காலை பந்தயம். அதற்குள் ஏதோ ஒரு வில்லை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

பந்தயத்தின் பெயர் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங். 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் சில நண்பர்கள் சனிக்கிழமைப் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. 1987இல் அதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது. இரண்டு ரிவால்வர், லீவர் வைத்த ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன் என்று ஆளுக்கு நான்கு துப்பாக்கி வேண்டும். எல்லாமே 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உருவான மாதிரிகளாக இருக்க வேண்டும். மரப்பலகையில் வங்கி, மதுக்கடை, சிறைச்சாலை என்று முகப்புகள் கட்டி வைத்திருப்பார்கள். அதன் சன்னலோரம் நின்று, பழைய படத்தில் வரும் ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். 'பீப்' என்று ஒலி கேட்டதும் எஃகு இலக்குகளைச் சொன்ன வரிசையில் சுட்டு முடிக்க வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவர் வென்றவர். ஓர் இலக்கைத் தவறவிட்டால் 5 விநாடி அபராதம். தேர்ந்தவர்கள் ரைஃபிளின் பத்துத் தோட்டாக்களையும் இரண்டு மூன்று விநாடியில் தீர்த்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் 5 விநாடி என்பது ஒரு யுகம்.

உடைக்கும் விதி உண்டு. ஆண்கள் அரைக்கைச் சட்டை போடக்கூடாது. பேஸ்பால் தொப்பி, விளையாட்டுக் காலணி எதுவும் ஆகாது. காதுகேட்கும் கருவியை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது தொப்பிக்குள் ஒளிந்துகொள்கிறது. வயதுப் பிரிவுகளின் பெயரிலேயே ஒரு குறும்பு. 49 வயதானவர்களின் பிரிவுக்கு 'நாற்பத்தொன்பதர்' என்று பெயர்; 1849இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்கு ஓடியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். அதற்கு மேல் 60, 65, 70 என்று பிரிவுகள் ஏறிக்கொண்டே போகின்றன. வயதானவர்களுக்கு இத்தனை படிகள் அமைத்திருப்பதைப் பார்த்தாலே களத்தில் யார் கூட்டம் என்று புரிந்துவிடும்.

இந்தப் போட்டியில் நிஜக் குதிரைக்கு இடமில்லை. குதிரைமேல் அமர்ந்து சுடுவது வேறு விளையாட்டு. ஆனால் துப்பாக்கியின் பின்புறம் நிமிர்ந்து நின்று அடிக்கும் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்றொரு பழைய பெயர் உண்டு. அந்தக் குதிரைதான் இவர்கள் அடக்க வேண்டிய குதிரை. 1873இன் கோல்ட் ரிவால்வரில் அதன் மூக்கு நேராகத் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கைதவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். குதிரை வெற்று அறையின்மேல் இளைப்பாறும். ஆளுக்கு இரண்டு ரிவால்வர், மொத்தம் பத்துத் தோட்டா என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

நான் சொல்ல வந்தது ரைஃபிளைப் பற்றி. அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுந்து நின்று முழங்காலை நேராக விறைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு மூட்டையை ஏற்றினாலும் கால் தாங்கும். எலும்பின்மேல் எலும்பு நிற்கிறது. தசைக்குப் பெரிய வேலை இல்லை. இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். அரை நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில் பின்னால் நிற்கும் பயல் நம் முழங்காலின் உட்புறத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவானே, நாம் அப்படியே சரிவோமே, அதுவும் இதே கணக்குதான். நேராக நிற்கும் மூட்டு மலையைத் தாங்கும். கோணம் கொஞ்சம் மாறிவிட்டால் ஒரு விரல் போதும்.

வின்செஸ்டர் 1873க்குள் இருப்பது இந்த முழங்கால்தான். தோட்டா வெடிக்கும்போது நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தம் பின்பக்கமாகவும் பாய்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது போல்ட். போல்ட்டைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவது இரண்டு துண்டுகளாலான ஓர் எஃகுக் கால். நடுவே ஒரு மூட்டு. லீவர் மூடியிருக்கும்போது இரண்டு துண்டும் ஒரே நேர்க்கோட்டில் விறைத்து நிற்கின்றன. வெடிப்பின் உதை எலும்பின்மேல் எலும்பாக இறங்கிவிடுகிறது. லீவரை முன்னால் தள்ளினால் மூட்டு மடிகிறது, போல்ட் பின்வாங்குகிறது, வெற்றுக் கூடு வெளியே துள்ளுகிறது. அதே வேளையில் ஒரு பித்தளைக் கட்டை, லிஃப்ட் போல நேராக மேலேறி, அடுத்த தோட்டாவைக் குழாயின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. லீவரை இழுத்து மூடினால் போல்ட் அந்தத் தோட்டாவை உள்ளே தள்ள, முழங்கால் மறுபடி விறைக்கிறது. 1860இன் ஹென்றி ரைஃபிளிலும் இதே மூட்டுதான். ஹைரம் மாக்சிம் 1880களில் தானாகவே சுடும் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது சோதனைக்கு எடுத்ததும் ஒரு வின்செஸ்டரைத்தான். பிறகு அவர் செய்த இயந்திரத் துப்பாக்கிக்குள்ளும் ஒரு முழங்கால் மடிந்து மடிந்து நிமிர்ந்தது.

பொறியியல் கண்ணால் பார்த்தால் இது பலவீனமான வடிவம். வீரியமான தோட்டாக்களை இந்த மூட்டு தாங்காது. அதனால்தான் ஜான் பிரௌனிங், தான் வடிவமைத்த 1892 மாதிரியில் முழங்காலைத் தூக்கியெறிந்துவிட்டு, போல்ட்டின் இருபுறமும் செங்குத்தாகத் தாழ்ப்பாள் விழும்படி செய்தார். எல்லா வகையிலும் உறுதியான துப்பாக்கி அது. ஆனால் இன்றைய பந்தயத்தில் முன்னால் நிற்பது பழைய முழங்கால்காரன்தான். எஃகு இலக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; வீரியம் குறைந்த தோட்டா போதும்; வலிமை அங்கே வீண். மூட்டின் அசைவில் உள்ள வழுவழுப்புக்குத்தான் மதிப்பு.

இங்கேதான் கொட்டகை மேசைக்கு வேலை வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ரைஃபிளில் லீவர் ஒரு பெரிய வில்வட்டமாகச் சுழல வேண்டும். கை நீட்டி மடக்கும் தூரம் அதிகம். அதற்கு நேரமும் அதிகம். மூட்டில் உள்ள ஊசித்துளைகளின் இடத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றிவைத்த புதுத் துண்டுகளைப் பொருத்தினால், லீவர் பாதி வழி போனாலே போல்ட் முழு வழி போய்விடும். 'குறுவீச்சு' என்று இதற்குப் பெயர் வைக்கலாம். முதலில் கொட்டகைக்காரர்கள் செய்துகொண்டார்கள். இப்போது தயாரிப்பாளரே அப்படிச் செய்து விற்கிறார்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. நெம்புகோலில் தூரத்தைக் குறைத்தால் விசையைக் கூட்ட வேண்டும் என்பதைக் கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீச்சு குறைந்த லீவர் கையில் கனக்கிறது. விரல் மூட்டுகளில் வாதம் உள்ள ஒருவருக்கு அது தாங்காது. ஆகவே அடுத்த வேலை, துப்பாக்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு தடையையும் தேடித் தேடிக் குறைப்பது. உரசும் பரப்புகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். கனத்த வில்களைச் சீவி மெலிதாக்குகிறார்கள். பித்தளை லிஃப்டை எடுத்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று போடுகிறார்கள். அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று விநாடியில் பத்து முறை மேலே ஏறிப் பத்து முறை இறங்கும் ஒரு கட்டையை, ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்ப வேண்டியது கைதான். எடை குறைந்தால் கைக்கு அது உடனே தெரியும். கடைசியாக லீவரின் வளையத்துக்குத் தோல் வாரைச் சுற்றுவார்கள். துப்பாக்கிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, விரல் கணுக்களுக்குத்தான்.

எவ்வளவு மெலிதாக்குவது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையில்தான் இவர்களின் வாதங்கள் முழுவதும் நடக்கின்றன. குதிரையின் வில்லை அளவுக்கு மீறித் தளர்த்தினால் அடி விழும், தோட்டா வெடிக்காது. ஓட்டத்தின் நடுவே வெறும் 'டிக்' என்று கேட்கும். அதைவிட அவமானம் வேறில்லை. முழங்கால் முழுவதும் நிமிரும் முன்பே குதிரை விழுந்துவிட்டால் அவமானத்தோடு போகாது, ஆபத்து. தோட்டாவின் நீளத்திலும் கண்டிப்பு வேண்டும். லிஃப்டின் அளவுக்கு மேல் அது நீண்டுவிட்டால் கட்டை மேலேறாது. குட்டையாகிவிட்டால் அடுத்த தோட்டாவின் அடிப்பகுதி உள்ளே நுழைந்து வாசலில் சிக்கிக்கொள்ளும். மார்லின் 1894 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. லீவரின் ஒரு முனை, தோட்டாவைத் தூக்கும் தகட்டின் அடியில் நாள்பட்ட உரசலால் ஒரு பள்ளத்தை அரித்துவிடும். பள்ளம் ஒரு நூலளவுதான். ஆனால் அதனால் தகடு தாழ்ந்து, இரண்டாவது தோட்டா அடியில் புகுந்து, துப்பாக்கி அப்படியே உறைந்து நின்றுவிடும். இந்தச் சிக்கலுக்கு அந்தத் துப்பாக்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்யும் வழிகளை அவர்கள் பேசிக்கொள்வது, நம்மூர்ப் பெரியவர்கள் சர்க்கரைக்குக் கைமருந்து சொல்வதைப் போலவே இருக்கும். ஆளுக்கொரு வைத்தியம், ஒவ்வொன்றும் கைகண்டது.

உடம்புக்கும் வைத்தியம் தேவைப்படுகிறது. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிவிட்டது தெரியத் தொடங்குகிறது. ரைஃபிளில் குறிபார்க்க மூன்று பொருள்கள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்: அருகே பின்குறி, குழாயின் நுனியில் முன்குறி, தூரத்தில் இலக்கு. இளங்கண்ணே மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்காது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வேகமாகத் தாவிச் சமாளிக்கும். கிழக்கண்ணுக்கு அந்தத் தாவல் போய்விடுகிறது. இதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே மருந்து இருந்தது. பின்குறியை எடுத்துவிட்டு, கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சிறு துளை வைத்த வட்டத்தை நிறுத்துவார்கள். கண்ணாடியைக் காணாத நேரத்தில் ஆள்காட்டி விரலைச் சுருட்டி, அந்தச் சின்ன ஓட்டை வழியே பேருந்தின் எண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்து பளிச்சென்று தெரியும். ஒளியின் ஓரக்கதிர்களைத் துளை வெட்டிவிடுவதால், கண்வில்லை செய்ய வேண்டிய வேலை குறைந்துபோகிறது. ஊசித்துளைக் கேமராவின் அதே தத்துவம். துளை எங்கே இருக்கிறது என்று தேடவும் வேண்டாம். அதன் வழியே பார்த்தால் கண் தானாக முன்குறியை நடுவில் வைத்துக்கொள்ளும்.

காதுதான் பெரிய பிரச்சினை. வயதோடு முதலில் போவது உச்சத் தொனிகள். ஆயுள் முழுக்கச் சுட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகிறது. ஒரு துப்பாக்கி வெடிப்பு 150 டெசிபலையும் தாண்டும். நேரக்கருவியின் 'பீப்' ஓர் உச்சத் தொனி. அதன்மேல் காதில் அடைப்பான் வேறு. பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஒலியே பந்தயக்காரரின் காதில் விழாது! கருவியைப் பிடித்திருப்பவர் அதை அவர் காதோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடிக்கிறார். அந்தச் சிறு கருவிக்குக் காது மிகக் கூர்மை. ஒவ்வொரு வெடியையும் கேட்டு, கடைசி வெடியின் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை பிடித்துச் சொல்லிவிடும். இலக்கில் பட்டதா என்பதை மட்டும் அதனிடம் கேட்பதில்லை. அதற்கு மூன்று பேர் பக்கவாட்டில் நின்று பார்க்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதுதான் தீர்ப்பு. மூவருக்குமே கண்ணாடி இருக்கும்.

தோட்டாவையும் பலர் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். 10 கிராம் ஈயத்தை விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் அனுப்பும் இடத்தில், 7 கிராம் ஈயத்தை 210 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் போதும். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், தோளில் விழும் உதை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இறங்கிவிடும். ஆனால் அழுத்தம் குறைந்தால் வேறொரு தொந்தரவு. வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புகை பின்னால் வராது. மெல்லிய அழுத்தத்தில் தடித்த கூடு விரிவதில்லை. கரி பின்னோக்கி வந்து, வெள்ளிக்கிழமை முழுக்கப் பளபளப்பாக்கிய முழங்காலில் படிகிறது. 1873 ரைஃபிளோடு பிறந்த .44-40 என்ற தோட்டாவின் கழுத்து மெலிது. கொஞ்ச அழுத்தத்திலேயே விரிந்து அடைத்துக்கொள்ளும். படங்களில் எல்லோரும் பேசும் .45 கோல்ட் தோட்டாவுக்கோ அந்தக் காலத்தில் அடிவிளிம்பு மிகக் குறுகல். வெற்றுக் கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கிக்குப் பிடியே கிடைக்காது. அதனால் அன்று எந்த லீவர் ரைஃபிளும் அந்தத் தோட்டாவுக்குச் செய்யப்படவில்லை. இன்று விளிம்பை அகலப்படுத்திவிட்டார்கள், ரைஃபிளும் வந்துவிட்டது. பழமை நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம்.

பிடிவாதக்காரர்கள் சிலர் இன்னும் கருமருந்துதான் போடுகிறார்கள். அவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்து முடிந்ததில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் திடத்துகளாகவே மிஞ்சுகிறது. அந்த வெண்புகை அதுதான். காற்றில்லாத நாளில் நான்கு வெடி வெடித்தால் இலக்கு மறைந்துவிடும். புகை விலகும்வரை சுடுபவர் காத்து நிற்பார், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பந்தயத்தில் தோற்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும். அந்த வாசனைக்காகத்தான் போடுகிறார்கள்.

வாசனைக்கு மூளையில் தனிப் பாதை. பார்வை, ஒலி எல்லாம் தாலமஸ் என்ற சுங்கச்சாவடியைக் கடந்துதான் மேலே போக வேண்டும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளின் வாசலுக்கே போய்விடுகிறது. ஒரு சொல்லோ படமோ கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தைய காலத்தவை. வாசனை கிளப்பும் நினைவுகளோ பத்து வயதுக்கும் முந்தைய காலத்துக்கு இழுத்துப்போகின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் கிடக்கும் சிவப்புக் காகிதக் குப்பையின் நெடி நம்மில் பலரை எங்கே கொண்டுபோகும் என்று நினைத்துப் பாருங்கள். ரோல் கேப் சுருட்டிப் போட்ட தகரத் துப்பாக்கி நமக்கும் இருந்தது, அவர்களுக்கும் இருந்தது.

கடந்ததை நினைத்து ஏங்குவதற்கு 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரைச் சூட்டியவர் ஒரு மருத்துவ மாணவர். 1688இல் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் எழுதிய ஆய்வேட்டில் அது ஒரு நோய். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். ஊரைவிட்டுப் போன சுவிஸ் நாட்டவர்கள் வாடி வதங்குவதைப் பார்த்து எழுதியது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகி, இன்றைய உளவியலாளர்கள் அதை நோயாகப் பார்ப்பதில்லை. தனிமை கூடும்போது ஏக்கம் கிளம்புகிறது. ஏங்கியபின் மனிதர்கள் துணையோடு இருப்பதாக உணர்கிறார்கள். குளிரான அறையில் அது அதிகம் வருகிறது என்றுகூடச் சீனாவில் நடந்த சோதனைகள் சொல்கின்றன. காய்ச்சலைப் போலத்தான்: நோய் என்று நினைத்தோம், உடம்பு செய்துகொள்ளும் வைத்தியமாக இருக்கிறது.

ஆனால் எதற்காக ஏங்குகிறார்கள்? 1873க்காக இருக்க முடியாது. யாரும் அப்போது பிறக்கவில்லை. 1950இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஐந்து வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கன்ஸ்மோக்' தொடங்கியது; இருபது பருவங்கள் ஓடி, அவருக்கு இருபத்தைந்து வயதானபோதுதான் முடிந்தது. எட்டு வயதில் 'தி ரைஃபிள்மேன்' வந்தது. மனைவியை இழந்த ஒரு தகப்பன், ஒரு சிறு மகன், ஒரு வின்செஸ்டர். மனித நினைவில் பத்து முதல் முப்பது வயது வரையிலான பருவம் மற்றவற்றைவிட மேடிட்டு நிற்கும் என்பது உளவியலில் பலமுறை கண்ட உண்மை. இவர்கள் ஏங்குவது அந்த மேட்டின் வாசலில் இருக்கும் 1958இன் முன்னறைக்காக. கறுப்பு வெள்ளைப் பெட்டியின் வெளிச்சம், சோபாவில் அப்பா, தரையில் தானும் தம்பியும்.

அந்தத் தொடரின் நாயகன் சக் கானர்ஸ் கையிலிருந்த ரைஃபிளே ஒரு கொட்டகை வேலைதான். விசைக்காப்பு வளையத்தின் வழியே ஒரு திருகைச் செருகியிருந்தார்கள். லீவரை மூடும்போதெல்லாம் திருகின் நுனி விசையை அழுத்திவிடும். விரலுக்கு வேலையே இல்லாமல் பொழிந்து தள்ளும். கதை நடப்பது 1880களில். துப்பாக்கியோ 1892இன் மாதிரி. எட்டு வயதுப் பையனுக்கு அந்தப் பிழை எதற்கு?

நகலின் நகல் என்று சிரிக்கலாம். இன்னும் கேளுங்கள்: களத்தில் இருக்கும் 'வின்செஸ்டர்'களில் பெரும்பாலானவை இத்தாலியில் செய்தவை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கார்டோனே வால் திரோம்பியா என்ற ஊரில் நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிதான் தொழில். அங்கே 1959இல் ஆல்டோ உபெர்தி ஒரு பட்டறையைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய நேரம். பழைய ரிவால்வர்களின் பிரதிகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவின் கௌபாய் மேற்கை அமெரிக்கர்களுக்கே திருப்பி விற்றது இத்தாலிதான். நமக்கும் அப்படித்தான். லயன் காமிக்ஸில் நாங்கள் வரிந்துகட்டிக்கொண்டு படித்த டெக்ஸ் வில்லர், 1948இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழில் பேசக் கற்றது சிவகாசியில். கருமருந்து நெடியும் கௌபாய்க் கதையும் ஒரே ஊரிலிருந்து எங்களுக்கு வந்துசேர்ந்ததை இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

நிஜ மேற்கு வேறு மாதிரி. மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும் நெடும்பயணங்களின் காலம் இருபது ஆண்டுதான். 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பியும், ரயிலும், 1886-87இன் கொடுங்குளிரும் அதை முடித்துவைத்தன. மாடு ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். 1958இன் பெட்டியில் அவர்கள் அதிகம் தெரியவில்லை. டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் துப்பாக்கியோடு நடமாடவே தடை இருந்தது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியோடு நிற்க, லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் பலரின் கையில் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983இல் அந்தப் புல்வெளி எரிந்தபின் மண்ணில் கிடைத்த தோட்டாக் கூடுகள் இதைச் சாட்சி சொல்லின. மேற்கை வென்ற துப்பாக்கி என்பது விளம்பர வாசகம். யாரிடமிருந்து வென்றது என்று அந்த விளம்பரம் சொல்வதில்லை. ஆளுக்கு ஒன்றுக்கும் மேல் துப்பாக்கி உள்ள நாட்டில் இதை ஒரு விளையாட்டாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் சுலபமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் சனிக்கிழமைக் களத்தில் ஒரு மணி நேரத்தைக் கூறுபோட்டுப் பார்த்தால் சுடுவது அதில் சொற்பம். ஒருவர் ஒரு கட்டத்தைச் சுட ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் அடுத்தவருக்காக. ஒருவர் தோட்டா போடும் மேசையில் கண்காணிக்கிறார், ஒருவர் துப்பாக்கி காலியாகிவிட்டதா என்று பார்க்கிறார், மூவர் இலக்கை எண்ணுகிறார்கள், ஒருவர் சாய்ந்த தகடுகளை நிமிர்த்துகிறார், ஒருவர் குனிந்து பித்தளைக் கூடுகளைப் பொறுக்குகிறார். குனிய முடியாதவர் கணக்கு எழுதுகிறார். யாருடைய ரைஃபிளாவது சிக்கிக்கொண்டால் போட்டியாளரே தன்னுடையதை நீட்டுவார். அதில் தன்னை ஒருவர் வென்றுவிட்டால் மாதக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டுவார். எல்லோருக்கும் புனைபெயர்தான். ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. சங்கத்தின் முதல் உறுப்பினர் வைத்துக்கொண்டது, டெக்சாஸின் பழைய நீதிபதி ராய் பீனின் பெயரை. பத்து வருடம் கூடவே சுட்டவரின் இயற்பெயர், மருத்துவமனைக்குப் பார்க்கப் போகும்போதுதான் தெரியவருவதும் உண்டு.

வயதான ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது அரிது. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்யும்போது பேச்சு தானாக வரும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஓய்வுபெற்ற ஆண்களுக்குப் பொதுப் பட்டறைகள் அமைத்திருக்கிறார்கள். 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள், அந்த ஆய்வுகள் கவனித்த காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். எந்த மாத்திரை அட்டையிலும் இப்படி அச்சடிப்பதில்லை.

களத்தில் செயற்கை முழங்கால் வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம், அதன்கீழ் வழுக்கும் பிளாஸ்டிக். உரசலைக் குறை, தேய்மானத்தைத் தள்ளிப்போடு என்று அறுவை அரங்கில் செய்ததும் கொட்டகையில் செய்வதும் ஒரே வேலை. ஒரு வித்தியாசம், தன் முழங்காலின் பக்கத்தகட்டை யாரும் கழற்றிப் பார்க்க முடியாது.

மாலையில் கருமருந்துக்காரருக்கு இன்னும் வேலை பாக்கி. அந்தக் கரி ஈரத்தை உறிஞ்சும். இரவு விட்டுவைத்தால் காலையில் துரு. அடுப்பில் ஒரு கெண்டி வெந்நீர் கொதிக்கிறது. கொல்லைப்புறத்தில் ரைஃபிளைத் தலைகீழாகப் பிடித்து, புனல் வைத்து, பின்வாசல் வழியே ஊற்றுகிறார். முதலில் மசிபோலக் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு கொட்டுகிறது. பிறகு சாம்பல் நிறம். இரண்டாவது கெண்டிக்குத் தெளிந்துவிடும். சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துகொள்கிறது. பக்கத்தகடுகளைக் கழற்றி, மூட்டுக்கு மூட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லீவரை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். எங்கோ இன்னும் லேசாக ஓர் உரசல்.